நாகலக்ஷ்மி பெயரில் கோப்பு எதுவும் இல்லை

அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு கால் கிலோ எடைக்கல் இருக்கும். கரியாஹாட் சந்தையில் காய் வாங்கும்போது, கடைக்காரர் நிறுத்து முடித்ததும் அம்மா தன் கல்லை எடுத்து நீட்டி, "இதைப் போட்டு இன்னொரு தடவை" என்பாள். பெரும்பாலும் எடை சரியாகத்தான் இருக்கும். "மாஷிமா, உங்களை ஏமாத்தணும்னா நான் இன்னொரு ஜன்மம் எடுக்கணும்" என்று கடைக்காரர்கள் பெங்காலியில் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். கல்லைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடப்பாள்.

வீட்டிலும் அப்படித்தான். பெஹாலாவில் எங்கள் குவார்ட்டர்ஸ் கதவுக்கு இரண்டு பூட்டு. வெளியே போனால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இரண்டையும் இழுத்துப் பார்ப்பாள். யாருக்காவது கடிதம் அனுப்பினால் உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போடுவாள். அப்பா வங்கியில் வேலை பார்ப்பவர். "எங்க பாங்குல லாக்கருக்குக்கூட இவ்வளவு கிடையாது" என்று கேலி செய்வார்.

அம்மாவின் பெயர் நாகலக்ஷ்மி. கல்யாணமாகி 1979இல் கல்கத்தாவுக்கு வந்தவள். இரண்டு வருடம் கழித்து அலிப்பூரில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கீட்டு உதவியாளராகச் சேர்ந்தாள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஹூக்ளி நதியில் எந்த நேரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. முதலில் அம்மாவும் இன்னும் ஆறு பேரும் காகிதத்தில் கையால் கணக்குப் போட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சிக்கு யாரும் போக விரும்பாததால் அம்மாவை அனுப்பினார்கள். அவள் கற்றுக்கொண்டு வந்து அந்த ஆறு பேரின் வேலையையும் செய்யும் ஒரு நிரலை எழுதினாள். அதற்கு ஜோயார் என்று பெயர் வைத்தாள். பெங்காலியில் நதியில் தண்ணீர் ஏறுவதை அப்படித்தான் சொல்வார்கள்.

ஜோயார் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு இடங்களிலிருந்து தொலைபேசி வழியாக நீர்மட்டம் வரும். அதை வாங்கிக் கணக்கிட்டு, மணிக்கொரு முறை அச்சடித்துத் தரும்.

இந்தக் கதை 2002ஆம் வருடம் மே மாதத்தில் நடந்தது. நான் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். வேலை எதுவும் இல்லாததால் வீட்டில் யார் என்ன பேசினாலும் என் காதில் விழுந்தது. அலுவலகத்தில் நடந்ததை அம்மா சொன்னபடியும், பின்னால் குருபிரசாத் மாமா சொன்னபடியும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த வருடம் அம்மாவை விசாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். என் கல்லூரி சேர்க்கை முடியும்வரை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லி அம்மா மனுக் கொடுத்தாள். முடியாது என்று பதில் வந்தது. அவள் இடத்துக்கு குருபிரசாத் வந்தார். முப்பது வயது, லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழில் பாதி பெங்காலி. அம்மாவை லக்ஷ்மிதி, அதாவது லக்ஷ்மி அக்கா, என்று கூப்பிடுவார். எட்டு வருடம் அம்மாவுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தவர்.

"எட்டு வருஷம் பக்கத்துல உக்காந்து பாத்துண்டே இருந்தான். இப்போ நாற்காலி கிடைச்சாச்சு" என்றாள் அம்மா. மாற்றலுக்கு அவர்தான் உள்ளே ஏதோ வேலை செய்திருக்கிறார் என்பது அவள் சந்தேகம். சாட்சி எதுவும் இல்லை. அந்த மாதம் அவர் இரண்டு தடவை மேலதிகாரி தத்தா பாபுவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார் என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரல் முப்பதாம் தேதி அம்மா பொறுப்பை ஒப்படைத்தாள். எப்படி ஒப்படைத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஜோயாரை நிறுத்தி, குருபிரசாத்தின் கண் முன்னால் மறுபடியும் ஓட விட்டாள். நீர்மட்டம் சரியாக வந்தது. 'நிறுத்தி, ஓட்டிக் காண்பிக்கப்பட்டது. சரியாக இயங்குகிறது' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். நேரத்தையும் எழுத வைத்தாள். அந்தக் காகிதத்தின் ஒரு நகல் எங்கள் இரும்பு பீரோவில், என் பிறப்புச் சான்றிதழுக்கு மேலே இருந்தது.

பிறகு அரசு அலுவலகத்தை விட்டுப் போகிற எல்லோரும் செய்வதைச் செய்தாள். பாக்கியில்லாச் சான்று என்று ஒரு படிவம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகப் போய், உன் பெயரில் இங்கே எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் இல்லை, ஸ்டோரில் மேஜை விளக்கு இல்லை, கேண்டீனில் பாக்கி இல்லை. கடைசியாகக் கணினிப் பிரிவில் பிஜன் பாபு. எல்லாக் கையெழுத்தும் வாங்கினால்தான் விடுவிப்பு உத்தரவு கிடைக்கும்.

*

மே நான்காம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் கால்பைசாகி என்கிற கோடைப் புயல் அடித்தது. எங்கள் தெருவில் ஒரு கிருஷ்ணசூடா மரம் முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தது. அலிப்பூரிலும் நாலு மணி நேரம் மின்சாரம் இல்லை. அலுவலகத்தின் பாட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். பேசியது குருபிரசாத். அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் தேதிக்கு ரயில். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினாள். அந்தப் பழைய போனில் எதிர்ப்பக்கம் பேசுவது கூடத்துக்கே கேட்கும்.

"லக்ஷ்மிதி, ஜோயார் ஏந்திருக்க மாட்டேங்கறது."

"ஏந்திருக்கலைன்னா?"

"ஓட்டினா உடனே நின்னுடறது. லைப்ரரியைத் திறக்க முடியலை, அப்படி ஒரு கோப்பே இல்லைன்னு சொல்றது."

"எந்த லைப்ரரி?"

"உங்களோடதுதான். மூணாம் நம்பர்."

இதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். எழுதிய மூல நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றுவதைக் கம்பைல் செய்வது என்பார்கள். அப்படிக் கம்பைல் செய்த ஒரு நிரல் தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருக்காது. பல நிரல்களுக்கும் பொதுவான வேலைகளைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருப்பார்கள். நிரல் ஓடத் தொடங்கும்போது அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும். அதற்குத்தான் ஷேர்டு லைப்ரரி என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மியில் அரைத்துக் குழம்பு வைப்பது மாதிரி. அம்மி இல்லையென்றால் சமையல் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். அம்மா ஏற்றவற்றக் கணக்குகளை அப்படி ஒரு கோப்பில் வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அதற்கு ஒரு நம்பர். ஜோயார் கேட்பது மூன்றாம் நம்பரை.

"பொது ஃபோல்டர்ல பாத்தியா?" என்றாள் அம்மா.

"இருக்கு. அங்க இருக்கு. ஆனாலும் ஓடலை."

"மூணாம் நம்பர் இருக்கா? தேதி என்ன போட்டிருக்கு?"

போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஆறு, அஞ்சு, ரெண்டாயிரத்து ரெண்டு."

"இன்னிக்குத் தேதி."

"அது... நான் ஒண்ணு பண்ணிப் பாத்தேன் லக்ஷ்மிதி. அங்க ரெண்டாம் நம்பர்தான் இருந்தது. அதையே காப்பி பண்ணி மூணுன்னு பேர் வச்சு..."

"என் கோப்பு இருக்க வேண்டிய பேர்ல நீ வேற ஒண்ணை வச்சிருக்கே."

"இல்லை, கேளுங்கோ..."

அம்மா போனை வைத்துவிட்டாள். பெட்டியிடம் திரும்பிப் போய் ஒரு டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றினாள். பிறகு அதையே பிரித்து மறுபடியும் சுற்றினாள்.

"கை வச்சிருக்கான்" என்றாள்.

மறுநாள் அலுவலகப் பியூன் மெமோவோடு வந்தான். புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். ஒரு பக்கக் கடிதம். அப்பா அதை வாசித்துச் சொன்னார். நீங்கள் விடுவிக்கப்பட்ட நாலாம் நாளே நிரல் இயங்காமல் போனது. குறித்த காலத்துக்குப் பிறகு தானாகச் செயலிழக்கும்படி அதை வேண்டுமென்றே அமைத்திருக்கிறீர்கள் என்று ஐயம் எழுந்துள்ளது. ஏன் உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாளில் பதில் தரவும்.

"நிரூபணமானா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"சர்வீஸ் புக்ல ஏறும். விசாகப்பட்டினத்துல சேர்த்துக்க மாட்டா. விசாரணை முடியறவரைக்கும் சஸ்பென்ஷன். அதுக்கப்புறம் வேலையே போனாலும் போகலாம்" என்றார் அப்பா.

அம்மா பீரோவைத் திறந்து குருபிரசாத் கையெழுத்திட்ட காகிதத்தை எடுத்தாள். "இதைப் பாருங்கோ. காலம்பர பதினொரு மணி. ஓடினது. அதுக்கப்புறம் ஜோயார் மேல நான் விரல்கூட வைக்கலை. நாலு நாள் நன்னா ஓடியிருக்கு. அவன் ஒருத்தன் தனியா அந்த மெஷின் முன்னாடி உக்காந்த அன்னிக்கு நின்னுடுத்து. யார் பண்ணியிருப்பா?"

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் இருக்கும் காமு சித்தியோடு அம்மா போனில் பேசியதைக் கேட்டிருந்தேன். "நான் போனப்புறம் ஒரு வாரம் ஓடறதான்னு பாக்கலாம், அப்போ தெரியும் இவாளுக்கு" என்று சொன்னாள். ஒரு வாரம்கூட ஓடவில்லை.

*

இரண்டு நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோதுமை மாவு டப்பாவுக்கு ரப்பர் பாண்ட் போட்டாள். பூட்டுகளை இழுத்துப் பார்த்தாள். எல்லாரையும் சந்தேகப்படும் ஒருத்தி, தன்னை மட்டும் யாரும் சந்தேகப்பட முடியாதபடி ஏதாவது செய்துவைத்திருப்பாளோ என்று தோன்றியது. அவளால் முடியும். அந்தக் கட்டடத்தில் அந்தக் காரியத்தை அறிந்தவள் அவள் ஒருத்திதான். பெற்ற அம்மாவைப் பற்றி இப்படி நினைப்பது நன்றாக இல்லை. ஆனாலும் நினைத்தேன்.

வியாழக்கிழமை இருபத்தைந்தாம் பைசாக். வங்காளத்து மகாகவி பிறந்த நாள், விடுமுறை. தெருமுனையில் மேடை போட்டு, காலையிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு. அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நீதான் பண்ணினியா?"

பேனா நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, கடைக்காரரின் தராசைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"எதுனால கேக்கறே?"

"காமு சித்திகிட்ட சொன்னியே. ஒரு வாரம் ஓடறதான்னு பாக்கலாம்னு."

"ஓ."

ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முடிந்து யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்றார்கள்.

"சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன். ஏதாவது கோளாறு வந்தா இவாளுக்குச் சரி பண்ணத் தெரியாதுன்னு நெனச்சேன். கோளாறு வரணும்னும் கொஞ்சம் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்." பேனாவை மூடினாள். "ஆனா ஹம்சினி, எடைக்கல்லைத் தூக்கிண்டு அலையறவ நான். தராசுல கை வைக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். நான் வைக்க மாட்டேன்."

நம்பினேனா என்று கேட்டால், முக்கால்வாசி நம்பினேன்.

அவள் எழுதி முடித்ததை வாசிக்கக் கொடுத்தாள். மூன்று பக்கம். மூன்றாம் நம்பர் லைப்ரரியை குருபிரசாத் அழித்துவிட்டு, அதே பெயரில் பழையதை வைத்திருக்கிறார், ஆறாம் தேதியிட்ட கோப்பே அதற்குச் சாட்சி என்று நேராக எழுதியிருந்தாள். உறையில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டாள்.

"அவருக்கு என்ன ஆகும்மா?"

"எனக்கு ஆகறது அவனுக்கு ஆகும்."

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கணினி அறையில் நாலு பேர். அம்மா, குருபிரசாத், தத்தா பாபு, பிஜன் பாபு. யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லாததால் தத்தா பாபு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மிசஸ் ராமன் (அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்) வாயால் சொல்ல வேண்டும்; விசைப்பலகையைத் தொடக் கூடாது. அவர் சொன்னதை மட்டும் குருபிரசாத் தட்ட வேண்டும். தட்டிய ஒவ்வொன்றையும் பிஜன் பாபு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

"ரிஜிஸ்டர் கல்யாணம் மாதிரி இருக்கு" என்றார் பிஜன் பாபு. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே எடைக்கல்லும் உறையும் இருந்தன.

"முதல்ல, நீ வச்சதை எடு" என்றாள்.

குருபிரசாத் பொது ஃபோல்டரில் தான் வைத்த போலி மூன்றாம் நம்பரை அழித்தார். ஜோயாரை ஓட்டினார். லைப்ரரியைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு கோப்பு இல்லை.

"பாத்தேளா? திங்கட்கிழமை காலம்பர எனக்கு வந்ததும் இதேதான்" என்றார் அவர். "காப்பி பண்ணி வச்சப்புறம் வேற மாதிரி வந்தது. கோப்பு கிடைச்சாச்சு, ஆனா அதுல நான் கேக்கற கணக்கு இல்லைன்னு. அதுக்கப்புறம் நான் தொடலை."

அந்த இரண்டாவது செய்தி உண்மையாகத்தான் இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். பழைய இரண்டாம் நம்பரில் பாதிக் கணக்குகள் கிடையாது. திருடனாக இருந்தால் இவ்வளவு மோசமான போலியை வைத்துவிட்டுப் போக மாட்டான் என்று அப்போது முதல் முறையாகத் தோன்றியதாகப் பின்னால் சொன்னாள்.

"எல்டிடி போடு."

ஒரு நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி தேவை, ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று வரிசையாகக் காட்டும் கட்டளை அது. ஐந்து வரி வந்தது. நாலுக்கு இடம் போட்டிருந்தது. ஐந்தாவது, அம்மாவுடையது: கிடைக்கவில்லை.

"எங்க தேடித்துன்னு சொல்லலையே" என்றார் தத்தா பாபு.

"அது நிரலுக்குள்ளயே எழுதியிருந்தா உண்டு. கம்பைல் பண்ணும்போதே, இந்த இடத்துல போய்த் தேடுன்னு உள்ள எழுதி வைக்கலாம்" என்றாள் அம்மா. சொல்லும்போது குரல் கொஞ்சம் மெதுவானதாம். "ஜோயாருக்குள்ள படிக்கற மாதிரி இருக்கற எழுத்தையெல்லாம் வெளில எடு, குரு."

திரையில் வரிகள் ஓடின. குருபிரசாத் விரலால் ஒன்றைத் தொட்டார். வாசிக்கவில்லை. பிஜன் பாபுதான் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி, நோட்டில் எழுதிக்கொண்டே வாசித்தார். அம்மாவின் லாகின் பெயர். அதன் கீழே அவளுடைய சொந்த ஃபோல்டர்.

"நிரலுக்குள்ள உங்க பேர் இருக்கு, மிசஸ் ராமன்" என்றார் தத்தா பாபு. "நீங்க போனா அதுவும் போற மாதிரி."

அம்மாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. 1996 நவம்பர். பொது ஃபோல்டரில் இருந்த அவளுடைய இரண்டாம் நம்பரின் மேல் வேறு பிரிவில் யாரோ தங்களுடையதைப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் டயமண்ட் ஹார்பர் நீர்மட்டம் ஒரு முழம் தப்பாக வந்தது. யார் போட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கே மூன்றாம் நம்பரை எழுதி, யாரும் தொட முடியாத தன் சொந்த ஃபோல்டரில் வைத்தாள். அங்கேயே போய்த் தேடு என்று ஜோயாருக்குள் எழுதிவிட்டாள். அப்புறம் ஐந்தரை வருடம் அதை நினைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

தத்தா பாபு கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குருபிரசாத்கிட்ட ஒரு வாரமா மூல நிரல் இருந்திருக்கு. வேற யாராவது இந்த வரியை உள்ள எழுதி, புதுசா கம்பைல் பண்ணியிருக்க முடியுமா? முடியும்னா சொல்லுங்க. உங்க பதில்ல என்ன எழுதியிருக்கீங்க?" என்றார்.

முடியும். அரை மணி நேர வேலை. உறை மடியில், பைக்குள் இருந்தது. குருபிரசாத் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து முட்டியின் மேல் வைத்துக்கொண்டார். "அப்போ என் காது ரெண்டும் சூடாயிடுத்து. லக்ஷ்மிதி பையைத் திறந்தா நான் தீந்தேன்னு நெனச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

"குரு, ஜோயாரோட தேதி என்ன போட்டிருக்கு? அதையும் காமி" என்றாள் அம்மா.

அவர் காட்டினார். 1996, நவம்பர் பதினான்கு.

"அப்போ குரு கம்பைலரைத் தொட்டதே கிடையாது. எழுதினது நான்தான்" என்றாள். பிறகு பிஜன் பாபு பக்கம் திரும்பினாள். "முப்பதாம் தேதி சாயங்காலம் நீங்க என்கிட்ட என்ன சொன்னேள்?"

பிஜன் பாபு பேனாவைக் கீழே வைத்தார். "நான் என்ன சொன்னேன்? எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான். உங்க பேர்ல கோப்பு பூஜ்யம்னு காட்டினாத்தான் கையெழுத்துன்னு."

"நான் உங்க பக்கத்துல உக்காந்து பூஜ்யம் ஆக்கினேன். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு. படிவத்துல நேரம் இருக்கும். நான்தான் எழுத வச்சேன். என் ஃபோல்டர்ல இருந்த மூணாம் நம்பரும் அதோட போயிடுத்து. ஜோயார் மேல விரல் வைக்கலை, வைக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேன். நிஜந்தான். அம்மிக்கல்லைத் தூக்கிப் போட்டுட்டேன்."

படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். 4.10. ஆனால் தத்தா பாபுவுக்கு இன்னும் ஒன்று உறுத்தியது. "முப்பதாம் தேதியே அழிச்சிருந்தா அன்னிக்கே நின்னிருக்கணுமே? நாலு நாள் எப்படி ஓடித்து? நாலாம் நாள் நிக்கணும்னு நீங்க ஏற்பாடு பண்ணலைன்னு எப்படி நம்பறது?"

மெமோவில் இருந்ததே அந்தக் கேள்விதான். பேசியது குருபிரசாத்.

"ஓடிண்டிருந்ததுனாலதான் ஸார். ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து பிடிச்சுண்டிருக்கும்போது நாம அழிச்சா, பேர் மட்டும்தான் போகும். கோப்பு உள்ள இருந்துண்டேதான் இருக்கும். நிரல் எப்போ நிக்கறதோ அப்போதான் அது நிஜமாப் போகும். கால்பைசாகில மெஷின் நின்னுது இல்லையா, அப்போதான் போயிருக்கு. திங்கட்கிழமை நான் தேடும்போது எதுவுமே இல்லை. நம்ப வேண்டாம், செஞ்சு காமிக்கறேன்."

செய்தும் காட்டினார். பிஜன் பாபு அம்மாவின் ஃபோல்டரை மறுபடி திறந்து கொடுத்தார். ஒப்படைத்த மூல நிரலிலிருந்து மூன்றாம் நம்பரைப் புதிதாகக் கம்பைல் செய்து அதில் வைத்தார்கள். ஜோயார் எழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பை அழித்தார். பட்டியலில் பெயர் இல்லை. ஜோயார் தன்பாட்டுக்கு ஓடியது, ஒரு மணிக்கான நீர்மட்டத்தையும் அச்சடித்தது. பிறகு நிறுத்தி ஓட்டினார். அப்படி ஒரு கோப்பு இல்லை. தத்தா பாபு தானே விசையைத் தட்டி இரண்டு தடவை பார்த்தார்.

மதியம் இரண்டு மணிக்கு அம்மா புதிதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சொந்த ஃபோல்டரில் வைத்தது என் தவறு, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதாதது என் தவறு, நானே அழித்தேன், தெரிந்து செய்யவில்லை, இதில் குருபிரசாத்துக்குச் சம்பந்தம் இல்லை. சதி என்ற பேச்சு கைவிடப்பட்டது. கவனக்குறைவு என்று ஒரு எழுத்து மூல எச்சரிக்கை மட்டும் தருவதாக தத்தா பாபு சொன்னார். இருபத்தோரு வருட வேலையில் அதுதான் அவள் பெயரில் ஏறிய முதல் எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறலாம்.

குருபிரசாத் மூன்றாம் நம்பரைப் பொது ஃபோல்டரில் வைத்து, ஜோயாரையும் அங்கே தேடும்படி புதிதாகக் கம்பைல் செய்துகொண்டிருந்தார். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு வருடம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

"உன் மேல மூணு பக்கம் எழுதிக் கொண்டுவந்தேன். இதோ பைல இருக்கு."

"தெரியும் லக்ஷ்மிதி."

"எப்படித் தெரியும்?"

"நான் உங்க மேல திங்கட்கிழமையே ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துட்டேன். நீங்க போனைப் பட்டுனு வச்சேளே, அஞ்சு நிமிஷத்துல. மெமோ எப்படி வந்ததுன்னு நெனச்சேள்?"

அம்மா அவரையே பார்த்தாளாம். "மாத்தலும் நீதானே?"

"ஐயோ! நான் தத்தா பாபு ரூமுக்குப் போனது என் கல்யாணத்துக்கு லீவு கேக்க. உங்ககிட்ட சொன்னா பொண்ணோட ஜாதகத்தை ரெண்டு தடவை பாருன்னு சொல்லுவேள்னு சொல்லலை."

"ரெண்டு தடவை பாத்தியா?"

"பாத்தேன்."

அப்போது பிஜன் பாபு படிவத்தோடு வந்து நின்றார். சோதனைக்காக அம்மாவின் கணக்கை மறுபடி திறந்ததால், பழைய பாக்கியில்லாச் சான்று செல்லாது. புதிது வேண்டும். அவள் பெயரில் பூஜ்யம் காட்ட வேண்டும். "இந்தத் தடவை நான் எதையும் அழிக்கச் சொல்லலை. நீங்களா பாத்துப் பண்ணுங்க" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார்.

அம்மா முதலில் மெஷினையே அணைக்கச் சொன்னாள். குருபிரசாத் அணைத்தார். ஒரு நிமிடம் இருட்டுத் திரை. மறுபடி போட்டார். ஜோயார் எழுந்தது. அதற்குப் பிறகு அம்மா தன் ஃபோல்டரை அழித்தாள். ஜோயார் ஓடிக்கொண்டே இருந்தது. டயமண்ட் ஹார்பரில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பிஜன் பாபு பேனாவின் மூடியைத் திறந்தார்.

"இருங்கோ பிஜன்தா. இப்போ ஓடறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் குருபிரசாத். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இன்னொரு தடவை?"

"போடு" என்றாள் அம்மா.

"இந்த மதராஸிகளோட..." என்று பிஜன் பாபு பெங்காலியில் ஏதோ முனகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷின் அணைந்தது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வந்தது, வரிகள் வந்தன, கடைசியில் நீர்மட்டம் வந்தது. அம்மா அதைக் காலையில் அச்சடித்த காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, படிவத்தை வாங்கி, தன் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். நேரத்தையும் எழுதினாள்.